பூச்சி பிடிக்கும் செடிகளை விதையிலிருந்து வளர்ப்பது: முதல்முறை விதைப்பவர்களுக்கு

ட்ரோசிரா என்ற பூச்சி பிடிக்கும் செடியின் விதைப் பொட்டலத்தை முதன்முதலாகப் பிரிக்கிறவர்கள் பலரும் உள்ளே ஒன்றுமே இல்லை என்றுதான் நினைப்பார்கள். காகித மடிப்பின் மூலையில் ஒரு சிட்டிகைக் கருந்தூசி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் விதை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் மொத்தமும் பறந்துவிடும். அந்தத் தூசியிலிருந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் இலை முழுக்கப் பசைத்துளிகள் மின்ன, கொசுவைப் பிடித்துச் சுருட்டிக்கொள்ளும் செடி வளர்ந்து நிற்கும். பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்களுக்கு, வளர்ந்த செடியை வாங்கி வைப்பதில் அந்தச் சந்தோஷம் கிடைக்காது என்பது தெரியும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் செடிகள் பூச்சி பிடிப்பதே அவற்றின் மண்ணில் சத்து இல்லாததால்தான். சதுப்பு நிலங்களிலும் நீர் கசியும் மணற்பாங்கான இடங்களிலும் மழைத்தண்ணீர் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைக்காத அந்த இடங்களில் பிழைக்க, இவை இலையையே பொறியாக மாற்றிக்கொண்டன. அதனால் இவற்றின் வேர்கள் உப்பும் உரமும் தாங்காது. தக்காளிக்கும் ரோஜாவுக்கும் நாம் அன்பாகப் போடும் எரு, மண்புழு உரம், தோட்டத்து மண், குழாய்த் தண்ணீர் எல்லாமே இவற்றுக்கு விஷம். செடி செத்துப்போவது பெரும்பாலும் கவனிக்காமல் விட்டதால் அல்ல, அளவுக்கு மீறிக் கொடுத்ததால்.

எதில் தொடங்குவது

எல்லோரும் ஆசைப்படுவது வாய் மூடும் வீனஸ் ஃப்ளைட்ராப் மேல்தான். ஆனால் முதல் விதைப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. விதை முளைக்கும், அதில் சிரமமில்லை. முழு அளவுக்கு வளர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டு முழுக்க ஒரு காசளவுகூட இல்லாத செடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் சலித்துப்போகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்த ட்ரோசிரா கேப்பென்சிஸில் தொடங்குங்கள். விதைக்குக் குளிர் தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும், சில நேரம் இன்னும் சற்று ஆகும். சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, ஒரு பூங்காம்பிலேயே நூற்றுக்கணக்கில் விதை தரும் என்பதால் விதை கிடைப்பதும் எளிது. ட்ரோசிரா ஸ்பாட்டுலேட்டாவும் இதே போலச் சுலபமானது. வெப்பம் அதிகமான இடத்தில் இருப்பவர்களுக்கு ட்ரோசிரா பர்மானி நன்றாக ஒத்துவரும். அது சில மாதங்களிலேயே பூத்து விதைவிட்டு முடிந்துவிடுகிற செடி. ஒரு முழுச் சுற்றையும் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

வட அமெரிக்கக் குடுவைச் செடியான சராசீனியா இரண்டாவது படி. அதன் விதைக்குக் குளிர்காலம் ஒன்றைக் கடந்ததுபோன்ற உணர்வைக் கொடுக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன். குடுவைகள் தொங்கும் நெப்பந்தஸ் கொடிகளின் விதை நூல்போல மெலிந்திருக்கும். காய் வெடித்த சில மாதங்களுக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும். எப்போது சேகரித்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் நெப்பந்தஸ் விதை வாங்கவே கூடாது.

போலி விதைகள்

இந்த ஒரு விஷயத்தில் நான் கடுமையாகவே இருப்பேன். நீலம், ஊதா, வானவில் நிறத்தில் ஃப்ளைட்ராப் படத்தைப் போட்டு விதை விற்கிறார்கள். அப்படியொரு செடி உலகத்தில் இல்லை. அந்தப் பொட்டலத்தில் வருவது ஏதோ ஒரு புல்லின் விதையாக இருக்கும். உண்மையான ஃப்ளைட்ராப் விதை கறுப்பாக, பளபளப்பாக, சின்னக் கண்ணீர்த்துளி வடிவில், கடுகைவிடச் சிறிதாக இருக்கும். பழுப்பாகவோ தட்டையாகவோ பெரிதாகவோ வந்தால் அது வேறு எதுவோ. சராசீனியா விதை வெளிர்பழுப்பு நிறத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ட்ரோசிரா விதை, முன்பே சொன்னதுபோல, தூசி.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. பெயர் சூட்டப்பட்ட ஃப்ளைட்ராப் ரகங்களின் 'விதை' என்று விற்பார்கள். பெயர் பெற்ற ரகம் அதே குணத்தோடு வர வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்தோ இலைத்துண்டிலோ திசு வளர்ப்பிலோதான் பெருக்க முடியும். அதன் விதையிலிருந்து வருவது அதன் பிள்ளை. அது அம்மாவைப் போல இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விதைப்பில் ஒவ்வொரு நாற்றும் தனி முகத்தோடு வரும். எனக்கு அதுதான் பிடித்தது. விற்கிறவர் மட்டும் அதை மறைக்கக்கூடாது.

வளர்ப்பவர்கள் தங்கள் செடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் விதைதான் சிறந்தது. காட்டிலிருந்து பிடுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள். ஃப்ளைட்ராப் இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மட்டும்தான். அங்கே திருட்டு மிகுந்ததால் 2014 டிசம்பர் முதல் வட கரோலினாவில் அதைத் திருடுவது பெருங்குற்றமாகிவிட்டது. நாம் தொட்டியில் முளைக்கவைக்கும் ஒவ்வொரு செடியும் அந்த நிலத்தில் ஒன்றை விட்டுவைக்கிறது.

மண்ணும் தண்ணீரும்

உரம் சேர்க்காத ஸ்பேக்னம் பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய ஸ்பேக்னம் பாசி) ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த இலேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு. இவ்வளவுதான் கலவை. பெர்லைட்டுக்குப் பதில் கழுவிய சிலிக்கா மணலும் போடலாம். கடல் மணல் உப்பு, கட்டட மணலில் சுண்ணாம்பு இருக்கலாம், இரண்டும் ஆகாது. பீட் வாங்கும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'சத்தூட்டப்பட்டது' என்றோ 'ஆறு மாதம் உணவளிக்கும்' என்றோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். தென்னைநார்க் கழிவிலும் வளர்க்கிறார்கள். அதில் உப்பு அதிகம், தூய நீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் பயன்படும். முதல் விதைப்புக்குப் பீட்டையே பரிந்துரைக்கிறேன், ஆனால் வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள். சதுப்பு நிலத்தில் பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் சேர்கிறது.

காய்ந்த பீட் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே உருண்டு ஓடும். சுடவைத்த தூய நீரை ஊற்றிப் பிசைந்து, பிழிந்தால் சில சொட்டு விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சுடுநீர் பூஞ்சை வித்துகளையும் பூச்சி முட்டைகளையும் கொஞ்சம் குறைத்துவிடும்.

தண்ணீர்தான் பலர் சறுக்கும் இடம். மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் இந்த மூன்றில் ஒன்று. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 50 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே காட்ட வேண்டும். மினரல் சேர்த்துக் கொடுக்கும் ஆர்.ஓ. கருவியின் நீர் அதைவிட அதிகமாக இருக்கலாம், அளந்துவிடுங்கள். கொதிக்கவைத்த நீர் பரவாயில்லையா என்று கேட்பார்கள். ஆகாது, கொதிக்கும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. குடிநீர் பாட்டிலிலும் தாது உண்டு. என் முதல் விதைப்பில் 'இரண்டு நாளைக்குத்தானே' என்று குழாய்த் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு நாள் இரண்டு மாதமானது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. நாற்றுகள் ஒவ்வொன்றாகக் கருகிப்போன பிறகுதான் புரிந்தது.

குளிர் கேட்கும் விதைகள்

ட்ரோசிரா கேப்பென்சிஸோ நெப்பந்தஸோ வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். சராசீனியாவும், குளிர்நாட்டு ட்ரோசிராக்களான ரொட்டுண்டிஃபோலியா, ஃபிலிஃபார்மிஸ் போன்றவையும் இலையுதிர்காலத்தில் விதை சிந்தி, குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்து, வசந்தத்தில் முளைப்பவை. அந்தக் குளிரை நாம் ஃப்ரிட்ஜில் கொடுக்கிறோம்.

ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியிலோ டிஷ்யூ பேப்பரிலோ விதையைத் தூவி, ஜிப் கவரில் போட்டு மூடி, பெயரும் தேதியும் எழுதி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் அல்ல. ஈரமில்லாமல் வெறும் விதையைக் குளிரில் வைத்தால் அது சேமிப்புதான், முளைக்கத் தயாராவதற்கு ஈரமும் குளிரும் சேர்ந்தே வேண்டும். சராசீனியா விதைக்குத் தண்ணீர் ஒட்டாத மேல்தோல் உண்டு. அதனால் சிலர் முதலில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தூய நீரில் ஊறவைத்து அலசிவிடுவார்கள். வாரம் ஒருமுறை கவரைத் திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் விதையை அலசிப் புது டிஷ்யூவுக்கு மாற்றுங்கள்.

ஃப்ளைட்ராப் விதை புதிதாக இருந்தால் குளிர் இல்லாமலேயே முளைத்துவிடும். பழையதாக இருந்தால் நான்கு வாரக் குளிர் உதவும்.

விதைக்கும் நாள்

எட்டு, பத்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும், அடியில் துளை இருக்க வேண்டும். மண்தொட்டி வேண்டாம், அதன் சுவரில் உப்பு சேரும். கலவையை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பி, லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். அழுத்தி அடைக்காதீர்கள். மேல்பரப்பில் பள்ளம் இருந்தால் எல்லா விதையும் அங்கேயே போய்ச் சேரும்.

அப்புறம் மின்விசிறியை நிறுத்துங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளைக் காகிதத்தை நடுவில் மடித்து, விதையை அந்த மடிப்பில் கொட்டி, தொட்டிக்கு மேல் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே நகர்த்துங்கள். நெருக்கமாக விழுந்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. கையிலிருக்கும் விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பாதியைக் காகிதத்தில் மடித்து, காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நெப்பந்தஸ் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதை வந்த அன்றே விதைத்துவிட வேண்டும்.

விதையின் மேல் மண் போட்டு மூடக்கூடாது. இவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், புதைந்தால் வராது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினாலும் விதை அடித்துக்கொண்டு போய்விடும். நுண்ணிய ஸ்ப்ரேயால் ஒருமுறை தெளித்து, தொட்டியை ஒரு தட்டில் வைத்து, தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் விடுங்கள். ஈரம் கீழிருந்து தானாக ஏறும். இனி தண்ணீர் எப்போதும் தட்டில்தான்.

கடைசியாக, ஒரு தெளிவான பிளாஸ்டிக் மூடியோ கவரோ தொட்டிக்கு மேல். பெயர், தேதி எழுதிய பட்டையைச் செருகுங்கள். எல்லா ட்ரோசிரா நாற்றும் முதல் மூன்று மாதம் ஒரே மாதிரிதான் இருக்கும், நினைவை நம்ப முடியாது.

வெளிச்சமும் காத்திருப்பும்

மூடிய தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். மூடி இருக்கும் வரை வெளிச்சம் நிறைந்த, நேர் வெயில் படாத இடம், அல்லது விளக்கு. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. விளக்கைத் தொட்டிக்கு 15 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, டைமரில் 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் நாற்றுகள் ஒரே சீராக வரும். வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது.

ட்ரோசிராவுக்கும் குளிரூட்டி முடித்த சராசீனியாவுக்கும் இரண்டு முதல் நான்கு வாரம், ஃப்ளைட்ராப்புக்கு இரண்டு முதல் ஐந்து வாரம், நெப்பந்தஸுக்கு ஒன்று முதல் மூன்று மாதம். எல்லாம் ஒரே நாளில் முளைக்காது. முதல் நாற்று வந்து ஒரு மாதம் கழித்தும் புதிது வரும். 'ஆறு வாரம் ஆகிவிட்டது, இனி வராது' என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். தட்டில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டு, நான்கு மாதமாவது விட்டுவையுங்கள்.

இந்த நாட்களில் கைக்கு வேலை இல்லை. தோண்டிப் பார்க்க, இடம் மாற்ற, இன்னும் கொஞ்சம் தெளிக்கத் தோன்றும். வேண்டாம். பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பொழுதுபோக்கில் அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. முதலில் இரண்டு சின்னஞ்சிறு வித்திலைகள் வரும். ட்ரோசிராவில் அதற்கு அடுத்து வரும் முதல் இலையிலேயே சிவந்த மயிர்களும் நுனியில் பசைத்துளியும் இருக்கும். ஃப்ளைட்ராப் நாற்று ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள குட்டிப் பொறியோடு வரும், சராசீனியா ஊசித்துளை போன்ற குடுவையோடு. பிறந்த கையோடு வேட்டைக்குத் தயாராகும் அந்த இலையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால், பிறகு காத்திருப்பது கஷ்டமாகவே தெரியாது.

முளைத்த பிறகு கெடுப்பவை

பூஞ்சை முதல் எதிரி. மேல்பரப்பில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் மூடியை உடனே கொஞ்சம் திறந்துவிடுங்கள், பாதிக்கப்பட்ட இடத்தைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். காற்றோட்டம்தான் பெரிய மருந்து. நாற்றுகள் ஓரளவு வந்ததும் எப்படியும் மூடியை எடுத்தாக வேண்டும், ஆனால் ஒரே நாளில் எடுத்தால் வாடிவிடும். முதல் நாள் ஒரு விரலளவு இடைவெளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்தில் முழுவதும்.

ஈரப் பீட்டைக் கண்டால் சின்னக் கறுப்புக் கொசு போன்ற பூஞ்சைக் கொசுக்கள் முட்டையிட வரும். வளர்ந்த ட்ரோசிராவுக்கு அவை நல்ல இரை. ஆனால் அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள்ளிருந்து நாற்றின் வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டுப்பட்டை வைக்கலாம். அதிகமானால் கொசுப்புழுவுக்குப் போடும் பி.டி.ஐ. பாக்டீரியாவைத் தட்டுத் தண்ணீரில் கலக்கலாம், செடிக்குத் தீங்கில்லை. பாசி படர்ந்து நாற்றை மூழ்கடிப்பதும் உண்டு. அதைச் சாமணத்தால் அவ்வப்போது கிள்ளி எடுங்கள், விட்டால் பரவிக்கொண்டே போகும்.

இலை நீண்டு, வெளிறி, பசைத்துளி இல்லாமல் தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. பல ட்ரோசிராக்கள் போதிய வெளிச்சம் கிடைத்ததும் சிவக்கும். அதை வெயில் சுட்டுவிட்டதாக நினைத்து நிழலுக்கு மாற்றிவிடாதீர்கள்.

நாற்றுக்குச் சாப்பாடு

போடாமலும் வளரும், போட்டால் வேகமாக வளரும். ட்ரோசிரா நாற்றில் மூன்று நான்கு பசை இலைகள் வந்த பிறகு, மீனுக்குப் போடும் உலர் தீவனத்தை மாவாகப் பொடித்து, பல்குத்தும் குச்சியின் ஈர நுனியால் தொட்டு, ஒரு துகளை இலையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு இலைக்கு மட்டும். மிஞ்சினால் இலை அழுகிப் பூஞ்சை பிடிக்கும். மண்ணில் தீவனம் சிந்தக்கூடாது. வேரில் உரம் ஒருபோதும் வேண்டாம்.

இறைச்சித் துண்டு, பால், முட்டை எதுவும் வைக்காதீர்கள். ஃப்ளைட்ராப்புக்குப் பொறியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிய இரை ஆகாது. விரலால் தொட்டு மூடவைத்து விளையாடவும் வேண்டாம். ஒவ்வொரு பொறியும் சில முறைதான் மூடித் திறக்கும், அப்புறம் அந்த இலை கறுத்துவிடும். சின்ன நாற்றுக்கு ஓர் இலை என்பது பெரிய சொத்து.

பெயர்த்து நடுவதும் ஓய்வுக்காலமும்

நாற்றுகள் ஒன்றையொன்று தொடத் தொடங்கியதும், சுமார் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில், பிரித்து நடலாம். குச்சியாலோ சிறு கரண்டியாலோ வேரோடு கொஞ்சம் மண்ணையும் சேர்த்துத் தூக்குங்கள், இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரிய செடிக்கு ஆழமான தொட்டி நல்லது. நட்ட பிறகு ஒரு வாரம் மீண்டும் மூடி போட்டு வையுங்கள். பசை காய்ந்து சோர்ந்தாற்போல இருக்கும். புது இலை வந்ததும் சரியாகிவிடும்.

ட்ரோசிரா கேப்பென்சிஸுக்கு ஓய்வு தேவையில்லை, ஆண்டு முழுக்க வளரும். ஃப்ளைட்ராப்பும் சராசீனியாவும் அப்படியல்ல. வளர்ந்த செடிக்கு ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதம், ஏறத்தாழ 0 முதல் 10 டிகிரிக் குளிரும் குறைந்த பகல்பொழுதும் வேண்டும். இலைகள் கறுத்து, கிழங்கு மட்டும் உயிரோடு இருக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய பேர். முதல் ஓராண்டு, இரண்டாண்டு நாற்றுகளை விளக்கின் கீழ் ஓய்வில்லாமல் வளர்க்கலாம், சீக்கிரம் பெரிதாகும். அதற்குப் பிறகு குளிர் கொடுக்க வழி இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் அந்த விதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழி இல்லாதவர்களுக்கு வெப்பமண்டல ட்ரோசிராக்களும் நெப்பந்தஸும் தாராளமாக இருக்கின்றன.

சரி, கேப்பென்சிஸ் ஒன்றரை ஆண்டுக்குள் பூங்காம்பு விடும். இளஞ்சிவப்புப் பூக்கள் ஒவ்வொன்றாக, வெளிச்சமான நாளில் சில மணி நேரம் மட்டும் திறக்கும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தானாகவே காய் பிடிக்கும். காய்கள் பழுப்பாகிக் காய்ந்ததும் காம்பைக் கத்தரித்து வெள்ளைக் காகிதத்தின் மேல் தலைகீழாகத் தட்டுங்கள். ஒரு நாள் தாமதித்தால்கூடப் பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் கேப்பென்சிஸ் முளைக்கும், அதனால் காய் பழுக்கும்போதே காம்பின் நுனியில் ஒரு சின்னக் காகித உறையை மாட்டிவிடுவது என் பழக்கம். சேகரித்ததைச் சில நாள் நிழலில் உலர்த்தி, காகிதத்தில் மடித்து, செடியின் பெயரும் எடுத்த தேதியும் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். யாராவது கேட்டால் ஒரு சிட்டிகை கொடுங்கள். கொடுக்கும்போது, உள்ளே தூசி போல இருப்பதுதான் விதை என்று சொல்லிக் கொடுங்கள்.